தப்பே நடந்திருந்தாலும் கோர்ட்டுக்குப் போக முடியாது: அமெரிக்க அரசின் ‘டாஸ்க் ஆர்டர்’ சட்டம் சொல்வது என்ன?

அரசு டெண்டரில் விதிமீறல் நடந்துவிட்டது என்று ஒரு நிறுவனம் புகார் சொல்கிறது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவை அதிகாரிகள் மீறினார்கள் என்பதையும் எடுத்துக் காட்டுகிறது. அதை வாங்கிப் பார்க்கும் நீதிமன்றம், மீறல் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே போகாமல் வழக்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. காரணம், இந்த மாதிரி ஆர்டரை எதிர்த்து யாரும் வழக்கு போடக் கூடாது என்று சட்டமே தடை விதித்திருக்கிறது.

இது நடப்பது அமெரிக்காவில். உலகிலேயே அதிகமாகப் பொருட்களையும் சேவைகளையும் காசு கொடுத்து வாங்கும் அரசு அது. ராணுவ மென்பொருள், கிளவுட் சேவை, அலுவலக ஐ.டி. பராமரிப்பு, ஆலோசனை சேவை என்று அந்த அரசு வாங்குவதில் பெரும்பகுதி இப்போது ‘டாஸ்க் ஆர்டர்’ என்ற பாதையில்தான் போகிறது. அந்தப் பாதையில்தான் 1994 முதல் இந்தத் தடையும் இருக்கிறது.

பெயரே தெரியாத ஒரு சட்டப் பிரிவு இது. ஆனால், யாருடைய புகாரைக் கேட்கலாம், யாருடைய புகாரைக் கேட்கவே கூடாது என்று அதுதான் முடிவு செய்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

டாஸ்க் ஆர்டர்னா என்ன?

ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் புதுசாக சமையல் கான்ட்ராக்டரைத் தேடினால் மண்டபத்துக்காரர் வேறு வேலையே பார்க்க முடியாது. அதனால் வருஷ ஆரம்பத்திலேயே நான்கு சமையல்காரர்களைத் தேர்வு செய்து ஒப்பந்தம் போட்டுவிடுகிறார். எத்தனை கல்யாணம் வரும், எத்தனை இலை விழும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முகூர்த்தம் வரும்போதும் அந்த நான்கு பேரிடம் மட்டும் விலை கேட்டு, ஒருவருக்கு வேலையைக் கொடுப்பார்.

அமெரிக்க அரசும் இதையேதான் பெரிய அளவில் செய்கிறது. முதலில் ஒரு குடை ஒப்பந்தம். அதில் நான்கு நிறுவனங்களும் இருக்கலாம், நானூறும் இருக்கலாம். எவ்வளவு வாங்குவோம், எப்போது வாங்குவோம் என்பது அதில் உறுதியாக எழுதப்பட்டிருக்காது. அதிகபட்சத் தொகையும் கால அளவும் இருக்கும். அதன்பிறகு தேவை வரும்போதெல்லாம் அந்தக் குடைக்குள் இருக்கும் நிறுவனங்களில் ஒன்றுக்கு ஆர்டர் போகும். சேவை என்றால் டாஸ்க் ஆர்டர், பொருள் என்றால் டெலிவரி ஆர்டர். சட்டத்தின் பார்வையில் இரண்டுக்கும் ஒரே விதிதான்.

குடைக்குள் பலர் இருந்தால், ஒவ்வொரு ஆர்டருக்கும் அவர்கள் எல்லோருக்கும் ‘நியாயமான வாய்ப்பு’ தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவசரம், அந்த வேலையை ஒருவரால்தான் செய்ய முடியும் என்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மற்றபடி, வேண்டியவருக்குக் கூப்பிட்டுக் கொடுக்கக் கூடாது.

சரி, கொடுத்துவிட்டால்? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

1994-ல் போட்ட பூட்டு

1990-களின் தொடக்கத்தில், அரசு கொள்முதல் ஆமை வேகத்தில் நடக்கிறது என்ற புகார் வாஷிங்டனில் எல்லாப் பக்கமும் இருந்தது. கணினி வாங்கலாம் என்று முடிவு செய்து, டெண்டர் விட்டு, தோற்றவர்கள் புகார் கொடுத்து, அது விசாரிக்கப்பட்டு முடிவதற்குள் அந்தக் கணினியே பழசாகிவிடும் என்பதுதான் அன்றைய நிலைமை. 1984-ல் வந்த ஒரு சட்டப்படி, உரிய நேரத்துக்குள் புகார் வந்துவிட்டால் ஒப்பந்த வேலையையே நிறுத்திவைக்க வேண்டும். ஆகவே ஒரு புகார் என்றால், அதிகாரிகளுக்குப் பல மாதத் தாமதம் என்று அர்த்தம்.

கிளின்டன் ஆட்சியில் துணை அதிபர் அல் கோர் தலைமையில் அரசு நிர்வாகத்தைச் சீரமைக்கும் முயற்சி நடந்தது. அந்தக் காற்றடித்த காலத்தில், 1994 அக்டோபர் 13 அன்று, ஃபெடரல் கொள்முதல் நெறிப்படுத்தல் சட்டம் கையெழுத்தானது. துறை வட்டாரத்தில் இதை ‘ஃபாசா’ என்பார்கள். குடை ஒப்பந்த முறையை ஊக்குவித்தது இந்தச் சட்டம்தான். கூடவே ஒரு பூட்டையும் போட்டது.

அதன் சாரம் இது: டாஸ்க் ஆர்டர் வழங்கப்படுவது தொடர்பாகவோ, வழங்க உத்தேசிப்பது தொடர்பாகவோ புகார் மனு அனுமதிக்கப்படாது.

அப்போது விட்டுவைத்த ஒரே விதிவிலக்கு, அந்த ஆர்டர் குடை ஒப்பந்தத்தின் எல்லையையே தாண்டிவிட்டது என்ற புகார். ஒப்பந்தத்தில் பேசாத வேலையைக் கொடுப்பது, காலத்தைக் கூட்டுவது, அதிகபட்சத் தொகையைத் தாண்டுவது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். சமையல் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு மண்டபத்துக்கு பெயின்ட் அடிக்கும் வேலையைக் கொடுத்தால் கேட்கலாம். சமையல் வேலையையே தகுதியில்லாதவருக்குக் கொடுத்தால் கேட்க முடியாது. அவ்வளவுதான்.

1 கோடி டாலர் கோடு

பூட்டு போட்டபின் என்ன ஆனது? பெரிய பெரிய வேலைகள் எல்லாம் குடைக்குள் நகர்ந்தன. பல கோடி டாலர் ஆர்டர்கள் வெளியிலிருந்து யாரும் கேள்வி கேட்க முடியாத இடத்துக்குப் போயின. இதை ஆராய்ந்த அரசின் கொள்முதல் ஆலோசனைக் குழு, 50 லட்சம் டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களுக்காவது புகார் உரிமை வேண்டும் என்று 2007-ல் பரிந்துரைத்தது.

நாடாளுமன்றம் கதவைத் திறந்தது. ஆனால், இன்னும் கொஞ்சம் மேலே. 2008 தொடக்கத்தில் கையெழுத்தான பாதுகாப்புத் துறைச் சட்டத்தில், 1 கோடி டாலருக்கு மேற்பட்ட ஆர்டர்களுக்கு மட்டும் புகார் உரிமை கிடைத்தது. நம் பணத்தில் 85 கோடி ரூபாய்க்கும் மேல்.

அந்தப் புகாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அரசு பொறுப்புடைமை அலுவலகம் என்ற அமைப்பிடம் மட்டும்தான் போகலாம். இனி சுருக்கமாக ஜிஏஓ. இது நாடாளுமன்றத்தின் கீழ் இயங்கும் தணிக்கை அமைப்பு.

இந்த உரிமைக்கு 2011 மே வரைதான் ஆயுள் என்று அன்றே எழுதியிருந்தார்கள். அந்தத் தேதி வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. சிவில் துறைகளைப் பொறுத்தவரை, சட்டத்தை எழுதிய விதத்தில் விதிவிலக்கு மட்டும் காலாவதி ஆகவில்லை, தடை இருந்த மொத்தப் பிரிவுமே காலாவதி ஆகிவிட்டது என்று ஜிஏஓ முடிவு செய்தது. விளைவு, சில மாதங்களுக்கு எந்தத் தொகை ஆர்டரையும் எதிர்த்துப் புகார் தர முடிந்தது. பிறகு நாடாளுமன்றம் பழைய நிலையைக் கொண்டுவந்து, 2016 செப்டம்பர் 30 வரை நீட்டித்தது.

அந்தக் கெடுவும் தாண்டியது. இந்த முறை காலாவதியானது விதிவிலக்கு மட்டும். சுமார் பத்து வாரங்கள், சிவில் துறைகளின் ஆர்டர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், எல்லை தாண்டிய புகாரைத் தவிர வேறெதையும் ஜிஏஓ வாங்கவில்லை. டிசம்பர் 14 அன்று தனிச் சட்டம் வந்து, சிவில் துறைகளுக்கு 1 கோடி டாலர் வரம்பு நிரந்தரமானது.

அடுத்த ஒன்பது நாளில், டிசம்பர் 23-ல், பாதுகாப்புத் துறைக்கு மட்டும் வரம்பு 2.5 கோடி டாலராக உயர்ந்தது. 2024 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் அதை 3.5 கோடி டாலராக்கியது. அடிப்படை இல்லாத புகாருக்கான செலவை, தோற்ற நிறுவனத்திடமே வசூலிக்கலாமா என்று அதே சட்டம் யோசனையும் கேட்டது. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்பது புரிகிறது இல்லையா?

யாருடைய குடை என்பதும் முக்கியம்

இன்னொரு நுணுக்கம். ராணுவம் கொடுக்கும் ஆர்டர் என்றால் ராணுவத்துக்கான வரம்புதானே பொருந்தும்? அப்படி இல்லை. ஆர்டர் கொடுப்பவர் யார் என்பதை விட, குடை ஒப்பந்தத்தைப் போட்டது யார் என்பதைத்தான் ஜிஏஓ பார்க்கிறது.

பொதுச் சேவை நிர்வாகம், அதாவது ஜிஎஸ்ஏ, ஒரு சிவில் துறை. அதன் குடையைப் பயன்படுத்தி ராணுவம் 2 கோடி டாலர் ஆர்டர் கொடுத்தால், 1 கோடி வரம்புதான். தோற்றவர் புகார் தரலாம். அதே ராணுவம், அதே வேலையை, அதே விலைக்குத் தன் சொந்தக் குடையின் கீழ் கொடுத்தால் 3.5 கோடி வரம்பு. புகாருக்கு இடமில்லை. நிறுவனம் பட்ட பாடு ஒன்றுதான், தவறும் ஒன்றாகவே இருக்கலாம். எந்தக் குடைக்குக் கீழே நின்றோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஜிஎஸ்ஏ பராமரிக்கும் விலைப்பட்டியல் ஒப்பந்தங்களின் கீழ் வரும் ஆர்டர்களுக்கு இந்தத் தடையே கிடையாது என்பது ஜிஏஓ வழக்கமாக எடுத்துவரும் நிலை. பார்வைக்கு அதுவும் குடை மாதிரியே இருக்கும். ஆனால், சட்டத்தில் அதன் வேர் வேறு.

ஆகவே அமெரிக்காவில் ஒரு ஆர்டரை இழந்த நிறுவனத்தின் வக்கீல், எங்கே தப்பு நடந்தது என்று கேட்பதற்கு முன்பாகக் கேட்கும் கேள்விகள் இவை:

- இது டாஸ்க் ஆர்டரா, தனி ஒப்பந்தமா?
- குடை ஒப்பந்தம் யாருடையது: சிவில் துறையா, பாதுகாப்புத் துறையா?
- ஆர்டரின் மதிப்பு எவ்வளவு?
- குடையின் எல்லை, காலம், தொகை ஆகியவற்றில் எதையாவது தாண்டியிருக்கிறதா?

இந்த நான்குக்கும் சாதகமான பதில் இல்லையென்றால், ஐந்தாவது கேள்விக்கு வேலையே இல்லை.

ஜிஏஓ வாசலில் என்ன நடக்கும்?

வரம்பைத் தாண்டியவர்களுக்கு ஜிஏஓ ஒரு நல்ல வழிதான். அங்கே 100 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். உரிய நாட்களுக்குள் மனு போட்டால், வேலை தற்காலிகமாக நிறுத்திவைக்கப்படும். மொத்த அரசுக் கொள்முதலில் 2024 நிதியாண்டில் ஜிஏஓ-வுக்கு 1,803 வழக்குகள் வந்தன. அவற்றில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை டாஸ்க் ஆர்டர் சம்பந்தப்பட்டவை.

இதெல்லாம் சும்மா புலம்பல் மனுக்களா? அப்படித் தெரியவில்லை. அந்த ஆண்டு முடிக்கப்பட்ட மொத்தப் புகார்களில் 52 சதவீதத்தில் புகார்தாரருக்கு ஏதோ ஒரு வகையில் பலன் கிடைத்திருக்கிறது. ஜிஏஓ புகாரை ஏற்றுக்கொண்டது, அல்லது தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்தத் துறை தானாக முன்வந்து சரிசெய்துகொண்டது. இரண்டில் ஒன்றுக்கு மேல் என்பது சின்ன விஷயம் இல்லை. கேள்வி கேட்க ஆள் இருந்தால் தவறு வெளியே வருகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆனால், இங்கேயும் ஒரு குறை. ஜிஏஓ நீதிமன்றம் இல்லை. அது தருவது பரிந்துரைதான். துறைகள் கிட்டத்தட்ட எப்போதும் அதைக் கேட்டு நடக்கின்றன என்றாலும், கட்டாயம் கிடையாது. சாதாரண ஒப்பந்தமாக இருந்தால், ஜிஏஓ-வில் தோற்றவர் ‘கோர்ட் ஆஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸ்’ நீதிமன்றத்துக்குப் போய்ப் புதிதாக வாதாடலாம். டாஸ்க் ஆர்டரில் அது முடியாது. ஜிஏஓ-தான் முதல் படி, அதுவே கடைசிப் படியும்.

‘தொடர்பாக’ என்ற ஒரு சொல்

இந்தச் சட்டத்தின் மொத்த பலமும் ஒரு சொல்லில் இருக்கிறது. ஆர்டர் வழங்குவது ‘தொடர்பாக’ புகார் கூடாது. சரி, எது தொடர்பு? மதிப்பெண் போட்டதில் தவறு என்றால் நேரடித் தொடர்பு. ஆர்டர் கொடுத்துவிட்ட பிறகு ஓர் அதிகாரி எடுக்கும் வேறொரு முடிவு?

2014-ல் எஸ்.ஆர்.ஏ. இன்டர்நேஷனல் வழக்கில் இதே கேள்வி வந்தது. வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் எஃப்.டி.ஐ.சி. அமைப்பின் ஐ.டி. வேலையை அதுவரை செய்துவந்த நிறுவனம் எஸ்.ஆர்.ஏ. புதிய ஆர்டர் போட்டியாளரான சி.எஸ்.சி.க்குப் போனது. அந்த நிறுவனத்துக்கு நலன் முரண்பாடு இருக்கிறது என்று எஸ்.ஆர்.ஏ. புகார் செய்தது. புகார் நிலுவையில் இருக்கும்போதே ஜிஎஸ்ஏ, நலன் முரண்பாட்டு விதியிலிருந்து அந்த ஆர்டருக்கு விலக்கு அளித்தது. ஜிஏஓ புகாரைத் தள்ளுபடி செய்தது. அந்த விலக்கு செல்லாது என்று எஸ்.ஆர்.ஏ. நீதிமன்றம் போனது.

ஆர்டர் கொடுத்தாயிற்று, விலக்கு அதற்குப் பிறகு வந்த தனி முடிவு, ஆகவே தடை பொருந்தாது என்பது அதன் வாதம். ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. காலத்தால் தள்ளி இருந்தாலும், அந்த விலக்கு அந்த ஆர்டருக்காகவே தரப்பட்டது, ஆகவே தொடர்பு இருக்கிறது என்றது.

இந்தத் தீர்ப்பில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. இந்தத் தடையால் அரசுத் துறை மோசமாக நடந்துகொண்டாலும், ஏன், குற்றச் செயலே நடந்திருந்தாலும்கூட நீதிமன்றம் தலையிட முடியாமல் போகலாம் என்பதை நீதிபதிகளே ஒத்துக்கொண்டார்கள். அப்படியும், நாடாளுமன்றம் எழுதிய வார்த்தை தெளிவாக இருக்கிறது, எங்களுக்கு வேறு வழியில்லை என்று முடித்துவிட்டார்கள்.

2023 ஜனவரியில் இன்னொரு வழக்கு. 22-வது செஞ்சுரி டெக்னாலஜிஸ் என்ற நிறுவனம் ராணுவத்தின் ஆர்டரை வென்றிருந்தது. சிறு நிறுவனங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட ஆர்டர் அது. இவர்கள் இப்போது சிறு நிறுவனமே இல்லை என்று போட்டியாளர் புகார் சொல்ல, சிறு தொழில் நிர்வாகம் அதை ஏற்றது. ஆர்டர் பறிபோனது. சிறு நிறுவனம் இல்லை என்ற முடிவு தவறு என்று 22-வது செஞ்சுரி வழக்கு போட்டது. அளவை முடிவு செய்தது வேறொரு துறை. ஆனால், அதுவும் ஆர்டர் ‘தொடர்பாகத்தான்’ என்று ஃபெடரல் சர்க்யூட் கூறிவிட்டது. வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

பெர்சிபியன்ட்: வெளியே நின்றவரின் வழக்கு

மேலே பார்த்த இருவரும் குடைக்குள் இருந்தவர்கள். குடைக்கு வெளியே இருப்பவருக்கு என்ன வழி? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனது பெர்சிபியன்ட்.ஏஐ என்ற கலிஃபோர்னியா நிறுவனம்.

செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து உளவுத் தகவல் தரும் அமெரிக்க அமைப்பு ஒன்று உண்டு. தேசிய புவிசார் உளவு முகமை என்று பெயர். படங்களைக் கணினியே பார்த்துப் புரிந்துகொள்ளும் மென்பொருளும், தகவல்களைச் சேமிக்கும் களஞ்சியமும் கொண்ட ‘சஃபையர்’ திட்டத்துக்கு அந்த முகமை 2020-ல் டெண்டர் விட்டது. 2021-ல் ஒப்பந்தம் சிஏசிஐ என்ற பெரிய நிறுவனத்துக்குப் போனது. அதோடு முதல் டாஸ்க் ஆர்டரும் போனது.

பெர்சிபியன்ட் அந்த டெண்டரில் கலந்துகொள்ளவில்லை. மொத்தத் திட்டத்தையும் செய்யும் அளவுக்கு அது பெரிய நிறுவனம் இல்லை. ஆனால், படம் பார்க்கும் மென்பொருள் பகுதிக்கு அதனிடம் ‘மிராஜ்’ என்ற தயார் நிலைப் பொருள் இருந்தது. சந்தையில் தயாராகக் கிடைப்பதை முடிந்தவரை வாங்க வேண்டும், அரசுச் செலவில் புதிதாக உருவாக்கக் கூடாது என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டமும் 1994-ன் அதே ஃபாசாவில் இருந்து வந்ததுதான். எங்கள் பொருளை ஒழுங்காகப் பரிசீலிக்காமலேயே புதிதாக உருவாக்கப் பார்க்கிறார்கள் என்று 2023-ல் பெர்சிபியன்ட் வழக்கு போட்டது.

அதன் கோரிக்கை, ஆர்டரை எங்களுக்குக் கொடுங்கள் என்பது இல்லை. சிஏசிஐ ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லியும் கேட்கவில்லை. சட்டப்படி எங்கள் பொருளைப் பரிசீலியுங்கள் என்பதுதான்.

கீழ் நீதிமன்றம் டாஸ்க் ஆர்டர் தடையைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2024 ஜூன் 7-ல் ஃபெடரல் சர்க்யூட்டின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பிளவுபட்ட தீர்ப்பில், அதைப் புரட்டிப் போட்டது. இது ஆர்டரை எதிர்க்கும் வழக்கு இல்லை, ஆர்டருக்குப் பின் சட்டத்தைப் பின்பற்றாததை எதிர்க்கும் வழக்கு, ஆகவே தடை பொருந்தாது என்றது பெரும்பான்மை. சிறு தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அது பெரிய நம்பிக்கை.

நம்பிக்கை நீடிக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் நீதிமன்றத்தின் முழு அமர்வே வழக்கைக் கையில் எடுத்தது. பழைய தீர்ப்பு ரத்தானது. 2025 ஆகஸ்ட் 28-ல் முழு அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. டெண்டரில் கலந்துகொண்டவரோ, கலந்துகொள்ளக்கூடியவரோதான் இந்த வகை வழக்கைப் போட முடியும். துணை ஒப்பந்தம் கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு அந்தத் தகுதி இல்லை. பெர்சிபியன்ட் வழக்கு அங்கேயே முடிந்தது.

‘தொடர்பாக’ என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு பதில் சொல்லவில்லை. வழக்கு போட்டவருக்குத் தகுதி இல்லை என்று முடிந்துவிட்டதால், அதற்குள் போக வேண்டிய தேவை வரவில்லை.

வரம்புக்குக் கீழே இருப்பவர் என்ன செய்யலாம்?

90 லட்சம் டாலர் ஆர்டரில் தவறு நடந்தால்? மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, அந்தத் துறையின் ஆம்பட்ஸ்மேன். டாஸ்க் ஆர்டர் புகார்களுக்கென்றே ஒவ்வொரு துறையிலும் ஒரு மூத்த அதிகாரி இருக்க வேண்டும், ஆர்டர் கொடுத்த அதிகாரிக்குக் கீழே அவர் இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நியாயமான வாய்ப்பு கிடைத்ததா என்று அவர் பார்ப்பார். ஆனால், அவரும் அதே துறையின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்தான்.

இரண்டாவது, விளக்கம் கேட்பது. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ஆர்டர்களில், ஏன் தோற்றீர்கள் என்று தோற்றவருக்கு விளக்க வேண்டும். 2008 சட்டத்தில் அந்தத் தொகை 50 லட்சம் டாலர். விலைவாசிக்கு ஏற்ப அது பிறகு உயர்ந்தது. காரணம் தெரிந்துகொள்ளலாம், அதை எதிர்க்க முடியாது. அடுத்த முறைக்கு உதவும், அவ்வளவுதான்.

மூன்றாவது, முன்கூட்டியே கேட்பது. தடை இருப்பது ஆர்டர் கட்டத்தில்தான். குடை ஒப்பந்தத்தையே போடும் கட்டத்தில் தடை கிடையாது. தேசிய சுகாதார நிறுவனத்தின் ‘சிஐஓ-எஸ்பி4’ என்ற மாபெரும் ஐ.டி. குடைக்கு எதிராக நிறுவனங்கள் குவித்த புகார்களில் பல டஜன் புகார்களை 2023-ல் ஜிஏஓ ஏற்றுக்கொண்டது. அதனால்தான் அமெரிக்காவில் நிறுவனங்கள் குடைக்குள் நுழையும் இடத்திலேயே மல்லுக்கட்டுகின்றன. உள்ளே போன பிறகு வாய் திறக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

தடை வேண்டும் என்பவர்கள் சொல்வது

அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. குடைக்குள் வரும்போதே எல்லா நிறுவனங்களும் ஒரு கடும் போட்டியைத் தாண்டித்தான் வருகின்றன. அதன்பிறகு ஒவ்வொரு சின்ன ஆர்டருக்கும் கோர்ட், கேஸ் என்று போனால் குடை போட்டதற்கே அர்த்தம் இல்லை. இன்று ஆர்டரை இழந்தவருக்கு அடுத்த மாதம் இன்னொன்று வரும். பழைய ஒப்பந்தக்காரர், வேலை கைமாறுவதைத் தள்ளிப்போடவே புகார் கொடுப்பதும் உண்டு. அந்தத் தாமதத்தின் செலவு வரி கட்டுபவர் தலையில்தான் விழும்.

வேகமும் சண்டையும் எப்படி முட்டிக்கொள்ளும் என்பதற்கு பென்டகனின் ‘ஜெடை’ கிளவுட் ஒப்பந்தம் உதாரணம். 1,000 கோடி டாலர் வரையிலான வேலை, 2019 அக்டோபரில் மைக்ரோசாஃப்டுக்கு மட்டும் போனது. அமேசான் வழக்கு போட்டது. 2020 பிப்ரவரியில் நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்னது. 2021 ஜூலையில் பென்டகன் திட்டத்தையே கைவிட்டது.

அதற்குப் பதிலாக 2022 டிசம்பரில் வந்ததுதான் ‘ஜேடபிள்யூசிசி’. மதிப்பு 900 கோடி டாலர் வரை. இந்த முறை ஒருவருக்குக் கொடுக்காமல் அமேசான், மைக்ரோசாஃப்ட், ஆரக்கிள், சுந்தர் பிச்சையின் கூகுள் என்று நான்கு பேரையும் ஒரே குடைக்குள் கொண்டுவந்தார்கள். வேலைகள் டாஸ்க் ஆர்டர்களாகப் போகின்றன. 3.5 கோடி டாலர் வரையிலான ஆர்டரில், ஏன் அவனுக்குக் கொடுத்தாய் என்று மற்ற மூவரும் ஜிஏஓ-வுக்குப் போக முடியாது. கோர்ட்டுக்கு எந்தத் தொகையிலும் முடியாது. ஜெடையில் மூன்று வருடம் இழுத்த சண்டைக்கு இதில் இடமே இல்லை.

அப்படியானால் என்ன பிரச்னை?

நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்று ஒரு பிரிவு சொல்கிறது. தயாராக இருப்பதை வாங்கு என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. நலன் முரண்பாடு கூடாது என்று வேறொரு விதி. மூன்றும் அமலில் இருக்கின்றன. ஆனால், வரம்புக்குக் கீழே அவற்றை மீறினால், துறைக்கு வெளியே இருந்து கேட்க யாரும் இல்லை. கேட்க ஆளில்லாத விதியை ஓர் அதிகாரி மதிப்பதும் மதிக்காததும் அவருடைய மனசாட்சியைப் பொறுத்ததாகிவிடுகிறது.

இதில் அதிகம் அடிபடுவது சின்ன நிறுவனங்கள். 20 கோடி டாலர் ஆர்டருக்குப் போட்டியிடும் பெரிய நிறுவனத்துக்கு ஜிஏஓ கதவு திறந்திருக்கிறது. 60 லட்சம் டாலர் ஆர்டரை நம்பி ஆட்களை வேலைக்கு எடுத்த நிறுவனத்துக்கு அது மூடியிருக்கிறது. அந்தச் சின்ன நிறுவனத்துக்கு அந்த 60 லட்சம்தான் ஒரு வருஷத்துப் பிழைப்பாக இருக்கலாம்.

குடைகளும் பெருகிக்கொண்டே போகின்றன. எல்லாத் துறைகளும் பொதுவாக வாங்கும் பொருட்களையும் சேவைகளையும் ஜிஎஸ்ஏ-வின் கீழ் ஒன்றுதிரட்ட வேண்டும் என்று 2025 மார்ச் 20-ல் அதிபர் டிரம்ப் உத்தரவிட்டார். அதன்படி வேலைகள் பொதுக் குடைகளுக்கு நகர்ந்தால், தனி ஒப்பந்தங்கள் குறைந்து ஆர்டர்கள் கூடும். அந்த அளவுக்குத் தடையின் நிழலும் நீளும்.

இனி கவனிக்க வேண்டியவை இரண்டு. பாதுகாப்புத் துறையின் 3.5 கோடி வரம்பைப் பார்த்து, சிவில் துறைகளின் 1 கோடி வரம்பையும் உயர்த்த நாடாளுமன்றம் முன்வருமா என்பது ஒன்று. 2008-ல் எழுதிய அந்த எண் இன்னும் மாறவில்லை. பெர்சிபியன்ட் தீர்ப்பு தொடாமல் விட்ட ‘தொடர்பாக’ என்ற சொல்லை அடுத்த வழக்கில் நீதிபதிகள் எவ்வளவு அகலமாகப் படிக்கப்போகிறார்கள் என்பது மற்றொன்று. அந்த வழக்கைப் போடப்போகும் நிறுவனம் இப்போது ஏதோ ஓர் ஆர்டரை இழந்துவிட்டு, தனக்குத் தகுதி இருக்கிறதா என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.